மந்தை இறங்கிய பிறகுதான் தெரியும்

மூடப்பட்ட சுரங்கத்தின்மேல் புல் முளைத்துவிட்டால் நிலம் பிழைத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆடு மேய்ப்பவர்கள் அவசரப்பட மாட்டார்கள். மந்தை மேய்ந்து போனபின் அந்தப் புல் மறுபடி தழைக்கிறதா, மழை பொய்த்த ஆண்டிலும் வேர் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில், நவஹோ பழங்குடியினர் ஆடு வளர்த்து வாழும் பிளாக் மேசா மேட்டுநிலம் இன்று அந்தச் சோதனைக்கு முன் நிற்கிறது.

அங்கே சுமார் 65,000 ஏக்கர் நிலக்கரிக்காகக் குத்தகைக்கு விடப்பட்டது. பிளாக் மேசா சுரங்கம் 2005 இறுதியிலும், கயென்டா சுரங்கம் 2019-லும் நின்றன. தோண்டிய பள்ளங்களை நிரவி, மேல்மண் பரப்பி விதைப்பது சுரங்கத்தை நடத்திய நிறுவனத்தின் கடமை. 1977-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி இதற்காக முன்கூட்டியே பிணைத்தொகை கட்ட வேண்டும். பள்ளத்தை மூடி வடிகால் அமைத்தால் 60 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும். மிச்சப் பணத்துக்குச் செடிகொடிகள்தான் சாட்சி. ஆண்டு மழை 26 அங்குலத்தைத் தாண்டாத இடங்களில், கடைசியாக விதைத்தோ உரமிட்டோ நீர் பாய்ச்சியோ உதவிய நாளிலிருந்து 10 ஆண்டுகள் நிறுவனமே பொறுப்பு. என்னைக் கேட்டால் இது குறைவு. வறண்ட நாட்டில் ஒரே ஒரு நல்ல மழை வந்தால் களைகூடச் செழிப்பாகத் தெரியும்.

புல்லை அளக்க அமெரிக்க மேய்ச்சல் துறையில் ஓர் அருமையான முறை உண்டு. 9.6 சதுர அடி வளையம் ஒன்றைத் தரையில் போட்டு, உள்ளே இருக்கும் புல்லை அறுத்து, உலர்த்தி நிறுப்பார்கள். வந்த கிராமைப் பத்தால் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை பவுண்டு என்று தெரிந்துவிடும்; வளையத்தின் அளவே அதற்காகத் தேர்ந்ததுதான். 30 கிராம் என்றால் ஏக்கருக்கு 300 பவுண்டு. அதில் பாதியை நிலத்துக்கே விட்டுவிட வேண்டும் என்பது பழைய விதி. எஞ்சுவது 150. கன்றோடு ஒரு மாட்டுக்கு மாதம் சுமார் 800 பவுண்டு உலர்தீவனம் தேவைப்படும். ஆக, ஒரு மாட்டை ஒரு மாதம் காப்பாற்ற ஐந்து ஏக்கருக்கும் மேல் வேண்டும். ஐந்து செம்மறிகள் ஒரு மாட்டுக்குச் சமம் என்பதால், ஓர் ஆட்டுக்கு மாதம் ஓர் ஏக்கருக்குச் சற்று அதிகம்.

ஆனால் ஆடு சராசரியாக மேய்வதில்லை. தண்ணீர் இருக்கும் பக்கம் திரும்பத் திரும்பப் போய் மண்ணை மிதித்து இறுக்கும். எட்டாத சரிவில் புல் தீண்டப்படாமல் காய்ந்து கிடக்கும். சுவையான புல்லும் புதரும் முதலில் தீரும், முள்ளும் களையும் அந்த இடத்தைப் பிடிக்கும். ஆகவே சில இடங்களில் கம்பிக்கூண்டு கவிழ்த்து ஆட்டின் வாய் படாத புல்லை வளர்த்து, வெளியே மேய்ந்த புல்லோடு ஒப்பிட வேண்டும். என்ன இனம் குறைகிறது, வெறும் மண் எங்கே கூடுகிறது என்று ஆண்டுதோறும் அதே இடங்களில் குறித்துவர வேண்டும்.

இந்த எண்கள் நவஹோ மக்களிடம் எப்படிப் போய்ச் சேர்கின்றன என்பது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 1930-களில் மேய்ச்சல் மிகுந்து மண் அரிக்கிறது, வண்டல் போய் கொலராடோ நதியின் பெரிய அணையில் சேரும் என்று சொல்லி, அரசு அவர்களுடைய ஆடுகளைக் கட்டாயமாகக் குறைத்தது. அப்படி அரசு வாங்கிய ஆடுகள் பலவற்றைச் சுட்டு அங்கேயே அழுகவிட்டார்கள். மந்தைகளில் பெரும்பகுதி பெண்களுக்குச் சொந்தம்; கம்பளி நெசவும் வீட்டில் அவர்களின் அதிகாரமும் அதைச் சார்ந்தே இருந்தன. மண் அரித்தது பொய்யல்ல. ஆனால் அளவுகோலோடு வந்த அதிகாரிகள் அவர்களைக் கேட்காமலே முடிவெடுத்தார்கள். அந்தக் காயம் தலைமுறை தாண்டியும் பேசப்படுகிறது. நிலக்கரிக்காக நிலத்தை இழந்த குடும்பங்களிடம் இன்று மறுபடி ஓர் அதிகாரி வந்து இத்தனை ஆடுதான் என்றால், அவர்கள் சந்தேகப்படுவது நியாயம்.

எனவே வளையத்தைத் தரையில் போடுபவர்களில் அந்தக் குடும்பத்தாரும் இருக்க வேண்டும், கூலியோடு. எந்தச் சரிவில் எப்போது பனி தங்கும், எந்தச் செடியை ஆடு தொடாது என்பது அவர்களுக்குத் தெரியும். கணக்கு நவஹோ மொழியில் அவர்கள் முன் வைக்கப்பட வேண்டும். இன்னொன்று: பிணைத்தொகை முழுவதும் திரும்பியதும் நிறுவனம் விலகிவிடும். நிலத்தின் முழுப்பாரமும் மந்தையிடம் வருவது அதன் பிறகுதான். அப்போது யார் அளப்பார்கள், அதற்கு யார் பணம் தருவார்கள் என்பதை, கடைசித் தவணையை விடுவிக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.