பறைச் சத்தம் கேட்கப் பட்டணம் போனோம்

சங்கீதம் கேட்பதற்காக ஊர் விட்டு ஊர் போவது நம் நாட்டில் புதிய வழக்கமல்ல. நாயனம் கேட்பதற்கென்றே வண்டி கட்டிக்கொண்டு இரவோடிரவாகப் போன பாட்டன்மார் பல வீடுகளில் இருந்திருக்கிறார்கள். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை என்றால், அரியலூர்ப் பக்கத்து ரசிகர்கள் கொள்ளிடத்தைத் தாண்டிப் போய் உட்கார்ந்து விடுவார்கள். ஆனால் பறை கேட்பதற்காகப் பட்டணம் போனவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? நானும் என் நண்பனும் போனோம். கிராமத்தில் பறைக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் எறையூர். பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு எறையூர் என்றதும் சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும். மார்கழி, தை மாதங்களில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாசலில் எறும்புச் சாரை போல நிற்கும். காற்றிலேயே பாகு வாசனை அடிக்கும். என் நண்பன் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

பள்ளிக்கூடத்தில் அவன் என்னை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவான். ஆனால் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டால் அந்த 'டா' எங்கேயோ ஒளிந்துகொள்ளும். "வாங்க, போங்க" ஆகிவிடும். அவன் காலனிக்காரன்; நான் ஊர்த் தெருக்காரன். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அவனுடைய தகப்பனாரை எங்கள் தெருப் பொடியன்கள்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: அந்தப் பொடியன்களில் நானும் ஒருவன்.

பரணில் ஏறிய பறை

அந்தப் பெரியவர் ஒரு காலத்தில் சுற்று வட்டாரத்தில் பேர் போன பறைக் கலைஞர். வளையமாகச் செய்த மரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை ஒட்டி, வைக்கோல் தீயில் காய்ச்சி எடுப்பார். சூடு ஏற ஏறத் தோல் விறைத்துக்கொள்ளும், நாதமும் ஏறும். இடது கையில் மெல்லிய நீளக் குச்சி, வலது கையில் குட்டையான தடித்த குச்சி. இரண்டும் சேர்ந்து பேச ஆரம்பித்தால் நடந்து போகிறவன் கால் தானாக நிற்கும்.

ஆனால் அந்தப் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்ன? சாவு விழுந்தால் ஆள் வரும். "வந்து அடி" என்று உத்தரவு வரும். விடிய விடிய அடித்தவருக்குக் காசைத் தூரத்திலிருந்தே எறிவார்கள். ஒரு நாள் அப்படி எறிந்த காசைப் பொறுக்கக் குனிந்த தகப்பனாரை, பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த மகன் பார்த்துவிட்டான். அன்று இரவே பெரியவர் பறையைப் பரணில் ஏற்றினார். "இந்தத் தோல் என்னோடு போகட்டும். நீ தொடக்கூடாது" என்று மகனிடம் சொல்லிவிட்டார்.

மகனும் தொடவில்லை. ஆனால் விரல் கேட்குமா? பெஞ்சில் தட்டுவான், டிராக்டர் மட்கார்டில் தட்டுவான். பறைக்குப் பதிலாகக் கானாப் பாட்டைப் பிடித்துக்கொண்டான். வடசென்னைக் குடிசைகளிலும் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலும் வளர்ந்த பாட்டு அது. சாவு வீட்டில் உட்கார்ந்து, போனவரின் வாழ்க்கையை இரவெல்லாம் பாட்டாகக் கட்டிப் பாடுவது அதில் ஒரு வகை. தேவா போன்ற இசையமைப்பாளர்கள் மூலம் சினிமாவுக்கு வந்து, தமிழ்நாடு முழுவதும் அது பரவியது. என் நண்பனின் கைப்பேசியில் கானாவைத் தவிர வேறு சங்கீதம் கிடையாது.

ஒரு செய்தியும் ஒரு வேலை நிறுத்தமும்

2018 ஜனவரி ஆரம்பத்தில் அவன் பரபரப்போடு ஓடி வந்தான். கானாப் பாடகர்களையும் பறை, சட்டி, டோலக் வாசிப்பவர்களையும், கித்தார், டிரம்ஸ் வாசிப்பவர்களையும் ஒரே குழுவாகச் சேர்த்திருக்கிறார்களாம். மொத்தம் 19 பேர். பெயர் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. 'அட்டகத்தி', 'மெட்ராஸ்', 'கபாலி' படங்களை இயக்கிய பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. ஜனவரி 6, சனிக்கிழமை, சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1845-இல் பிறந்து 1914-இல் மறைந்த அயோத்திதாசப் பண்டிதர், ஒடுக்கப்பட்ட மக்களைச் 'சாதி பேதமற்ற தமிழர்' என்று அழைக்க வேண்டும் என்றார். 1907-இல் சென்னையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். அவருடைய அந்தச் சொல்லைத்தான் இந்தக் குழு தன் பெயராக வைத்துக்கொண்டது.

"போகலாமா?" என்றான் நண்பன்.

"போகலாம்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, போவது எப்படி? ஜனவரி 4-ஆம் தேதி மாலை அரசு போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் தொடங்கியிருந்தார்கள். சம்பள உயர்வைக் கணக்கிட 2.57 மடங்கு வேண்டும் என்பது தொழிற்சங்கங்களின் கோரிக்கை; 2.44 மடங்குதான் தர முடியும் என்றது அரசு. எட்டு நாள் நீடித்து ஜனவரி 11-இல்தான் அது முடிந்தது. எங்களுக்கோ 6-ஆம் தேதி சென்னையில் இருந்தாக வேண்டும்! தற்காலிக ஓட்டுநர்களை வைத்துச் சில பஸ்களை ஓட்டினார்கள். ஏறுவதற்குத்தான் ஜனங்களுக்குத் தைரியம் வரவில்லை.

பெரம்பலூருக்கு ரயிலும் கிடையாது. அரியலூர் போனால்தான் ரயில். ஆகவே வெள்ளிக்கிழமை இரவு, கரும்பை இறக்கிவிட்டுத் திரும்பிய டிராக்டரில் பெரம்பலூர் வந்தோம். அங்கிருந்து அரியலூருக்கு ஒரு சிமெண்ட் லாரி. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்குக் குறைவில்லை அல்லவா! விடியற்காலை அரியலூர் நிலையத்தில் இறங்கியபோது எங்கள் இருவர் தலையும் சாம்பல் பூசினாற்போல் வெளுத்திருந்தன. "இப்போ யார் எந்தத் தெருன்னு ஒருத்தனாலும் சொல்ல முடியாது" என்று சிரித்தான் நண்பன். நானும் சிரித்தேன். பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு உள்ளே உறுத்தியது.

பஸ் இல்லாத கூட்டமெல்லாம் ரயிலில்தான். பல்லவன் எக்ஸ்பிரஸில் விருத்தாசலம் வரை ஒற்றைக் காலில் நின்றோம். விழுப்புரத்தில் இரண்டாவது காலுக்கும் இடம் கிடைத்தது. விழுப்புரம் தாண்டியதும் ஓர் அம்மாள் மூட்டையை நகர்த்தி, "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இப்படி உட்காருங்க" என்றார். நாங்கள் மறுத்துச் சொல்லவில்லை.

கீழ்ப்பாக்கத்து மேடை

எழும்பூரில் இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாக நடந்தே கீழ்ப்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். அன்று மார்கழி 22. சபாக்களில் இசை விழாக் காலம். 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமி முதல் எத்தனையோ சபாக்கள் மார்கழியைத் தம் மாதமாக்கி வைத்திருக்கின்றன. அதே மார்கழியில், அதே பட்டணத்தில், சபா வாசலை மிதித்தறியாத பாட்டுக்கு ஒரு மேடை! மைதானத்தில் கல்லூரிப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள், வடசென்னை இளைஞர்கள் எல்லாரும் கலந்து நின்றார்கள்.

விளக்கு எரிந்தது. பத்தொன்பது பேரும் கோட்டும் சூட்டுமாக மேடையேறினார்கள். என் நண்பன் என் கையைப் பிடித்தான். "பறையடிக்கிறவரும் கோட்டுப் போட்டிருக்காருடா" என்றான். அந்த 'டா'வை நான் கவனித்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அது என் காதில் விழுவது அபூர்வம். அம்பேத்கரைக் கோட்டும் சூட்டும் இல்லாமல் நாம் சிலையில்கூடப் பார்ப்பதில்லையே. அந்த உடைக்கு உள்ள அர்த்தம் அந்த மைதானத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பறை பேச ஆரம்பித்தது. கித்தார் அதற்குப் பின்னால் வந்தது, முன்னால் வரவில்லை. இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள். மாட்டுக்கறியைப் பற்றிப் பாடினார்கள். சாதி மாறிக் காதலித்ததற்காகக் கொல்லப்பட்டவர்களைப் பற்றிப் பாடினார்கள். கேலியும் கோபமும் மாறி மாறி வந்தன. அழுகைப் பாட்டாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். குழுவில் ஒரே பெண், கானாப் பாடகி இசைவாணி. ஆண்களே ஆண்டுவந்த கானாவில் துணிந்து நுழைந்தவர். 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. சொல்லைக் கத்தி போல வீசிய இன்னோர் இளைஞர் அறிவு. 2021-இல் 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டால் அவரை உலகமே அறிந்துகொண்டது.

அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் புளூஸும் ஜாஸும் கொடுத்தார்கள். நியூயார்க்கின் ஏழைப் பேட்டைகளிலிருந்து ராப் வந்தது. ஒதுக்கி வைத்த மக்களின் பாட்டு ஒரு நாள் ஊரையே ஆடவைக்கும் என்பதற்கு உலகத்தில் அத்தாட்சி உண்டு. நமக்கும் அத்தாட்சி வெகு பழையது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. அப்படி நிலத்துக்கே அடையாளமாக இருந்த கருவியைச் சாவு வீட்டு வாசலோடு நிறுத்தி வைத்தது யார் குற்றம்?

அந்த இரவுக்கு முன்பும் இதற்கு முயற்சி நடக்காமலில்லை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையெடுத்து ஆடினார்கள். 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் பூங்காக்களுக்குப் பறையைக் கொண்டுவந்தது. ஆனால் எறையூரிலிருந்து போன எங்கள் இருவருக்கும் கண் திறந்தது கீழ்ப்பாக்கத்தில்தான். பக்கத்தில் நின்ற நண்பனைப் பார்த்தேன். அவன் ஆடவில்லை, கைதட்டவுமில்லை. பத்து விரல்களும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

பெரியவர் சொன்ன தீர்ப்பு

இரவு ரயிலில் நெரிசலோடு நெரிசலாகத் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை பகலில் நேரே அவன் வீட்டுக்குப் போனோம். இத்தனை வருஷ சிநேகிதத்தில் அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தது அன்றுதான் முதல் தடவை. பெரியவர் கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்தார். "உட்காருங்க பெரியப்பா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

மகன் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். பெரியவர் நடுவில் பேசவில்லை. கடைசியில் கேட்டார்:

"அங்கே அடிச்சா கைதட்டுறாங்க. இங்கே அடிச்சா காசை வீசுறாங்க. தோல் ஒண்ணுதானே?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அவரே பதிலையும் சொன்னார்.

"அங்கே அவங்களா இஷ்டப்பட்டு அடிக்கிறாங்க. இங்கே கூப்பிட்டனுப்பினா போயாகணும். அதுதான் வித்தியாசம். நீ அடிக்கணும்னா அடி. எடுத்துக்கோ. ஆனா ஆள் அனுப்பினா மட்டும் போகாதே."

பரணிலிருந்து பறை இறங்கியது. தோலில் ஓர் ஓரம் எலி கடித்திருந்தது. புதுத் தோல் போடும் வேலை அன்று மாலையே ஆரம்பமாயிற்று. பெரியவர்தான் பசை காய்ச்சினார்.

பின்னாளில் அந்தக் குழுவிலிருந்து சிலர் தனி வழி போனார்கள். 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' என்ற பெயரில் நீலம் பண்பாட்டு மையம் ஒரு விழாவே தொடங்கியது. எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் என் நண்பன் பிள்ளைகளுக்குப் பறை கற்றுக்கொடுக்கிறான். சாவுக்கு மட்டும் போவதில்லை. இதனால் ஊரில் முணுமுணுப்பு இல்லாமலில்லை. "அவங்க அப்பன் அடிக்கலையா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு கச்சேரியினால் ஊர் திருந்திவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும்.

ஆனால் ஒன்று நடந்தது. அதைச் சொல்லி முடிக்கிறேன். திரும்பி வந்த மறுவாரம், எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திய நண்பன் உரக்கக் கூப்பிட்டான்: "டேய், வெளியே வாடா! தோல் காய்ஞ்சிடுச்சு!"

திண்ணையில் என் தாயார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அம்மா அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"உன்னைத்தான் கூப்பிடுறான். போயேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள்.