சாளரமும் கட்டளையும்

செய்திகளை அட்டவணைகளாகப் பகுத்து, வேண்டியபோது எடுத்துத் தரும் கணினிக் களஞ்சியமே தரவுத்தளம். அதனைப் பேணுவோர் கையாளும் கருவிகள் இருவகையின. ஒன்று, மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச் போலப் பொத்தான்களைக் காட்டிச் சுட்டியால் இயங்கும் சாளரம். மற்றொன்று, ஏவல் ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்யும் கட்டளை வரி. சாளரம் கற்பார்க்குரியது, கட்டளை வரி கற்றார்க்குரியது என்பாருமுண்டு. அக்கூற்று நமக்கு உடன்பாடன்று.

ஐபிஎம் ஆய்வாளர் சேம்பர்லினும் பாய்சும் 1974-இல் வெளியிட்ட வினவுமொழியின் வழிவந்ததே இன்றைய எஸ்கியூஎல். சாளரத்தில் பொத்தானை அழுத்தினாலும் உள்ளே செல்வது அம்மொழித் தொடரே. 'தேர்ந்தெடு', 'சேர்', 'நீக்கு' என அதன் வினைகள் ஏவல் வினைகளாக அமைந்திருத்தல் இலக்கண ஆசிரியர்க்கு உவகை தருவது.

இடரும் ஆங்கே உளது. 'மாணவர் அட்டவணையில் 42ஆம் எண்ணுக்குரிய வரியை நீக்கு' என்னும் ஏவலில் எண்ணைக் குறிக்கும் நிபந்தனை விடுபடின், எஞ்சுவதும் இலக்கணப் பிழையற்ற தொடரே. ஆயின் அட்டவணை முழுதும் வெறுமையாகிவிடும். வொர்க்பெஞ்ச் இத்தகு ஏவலை இயல்பாகவே மறுக்கிறது. கட்டளை வரியிலோ அக்காப்பினை நாமே கேட்டுப் பெறல் வேண்டும். அதற்கு 'நான் ஓர் அறிவிலி' எனப் பொருள்படும் மாற்றுப் பெயரும் உண்டு. கணினியாளரின் நகைச்சுவை போலும்!

எனினும், கட்டளை எழுத்தாக நிற்பது. அதனைக் கோப்பில் காக்கலாம். பிறரிடம் காட்டித் திருத்தலாம். நள்ளிரவில் தானே இயங்கிப் படியெடுக்குமாறு பணிக்கலாம். நூறு அட்டவணைகளில் ஒரே மாற்றத்தைச் செய்ய வேண்டியவர் சுட்டியோடு போராடுதல் வீண். வொர்க்பெஞ்சும் அட்டவணை மாற்றத்தை நிறைவேற்றுமுன் உரிய தொடரை எழுதிக் காட்டுகிறது. மாணவர் அதனைப் படியாமல் கடந்து செல்லலாகாது.

கட்டளை வரி காட்டாதது, நாம் நிற்கும் இடம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், துணைக் கணினியில் தரவுக் கோப்புறையை அழிக்கக் கருதி, முதன்மைக் கணினியில் அக்கட்டளையை இட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 மட்டுமே எஞ்சியது. நாள்தோறும் எடுக்கப்படுவதாகக் கருதிய படிகளோ, மென்பொருள் பதிப்பு வேறுபாட்டால் எடுக்கப்படவே இல்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்னர் எடுத்திருந்த ஒரு படியே கைகொடுத்தது. பின்னர் வகுத்த சீர்திருத்தங்களுள், எக்கணினியில் இருக்கிறோம் என்பதைக் கட்டளை முனையே தெளிவுறக் காட்டுமாறு மாற்றுவதும் ஒன்று.