சுண்ணாம்பு சுட்ட புண் இல்லை!

என் மாமியாருக்கு வெற்றிலை போடாமல் பொழுது விடியாது. விடியற்காலையில் மீன் கூடையோடு பாண்டிச்சேரிக்குக் கிளம்பும்போதே வாயில் வெற்றிலை, பாக்கு, புகையிலை. கேட்டால், "பசி தெரியாதும்மா" என்பார். ராத்திரி படுக்கும்போதும் கொடுப்பில் ஒரு துண்டுப் புகையிலையை அடக்கிக்கொள்வார்.

இரண்டு வருஷத்துக்கு முன், மீன் குழம்பு என்றால் இன்னொரு கரண்டி கேட்பவர், "தயிர் சோறே போதும்" என்று ஆரம்பித்தார். "என்ன அத்தை, வாய்ல புண்ணா?" என்று கேட்டேன். "சுண்ணாம்பு சுட்டிருக்கும், நாலு நாள்ல ஆறிடும்" என்றார். நானும் மணத்தக்காளிக் கீரை சமைத்துப் போட்டேன். கடையில் களிம்பு வாங்கித் தடவினேன். காரம் பட்டால்தான் எரியும், மற்ற நேரம் வலி இல்லை. அதில்தான் ஏமாந்து போனோம். நாலு நாள் என்றது மூன்று மாதமாகிவிட்டது.

கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் ஜிப்மருக்கு ஓடினோம். புண் இருந்தது, சரியாகப் புகையிலை அடக்கும் இடத்தில்! "சதை எடுத்துப் பார்த்தா பரவிடும்" என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்தினார்கள். அது தப்பு. அந்தப் பரிசோதனை செய்தால்தான் நோயை உறுதி செய்ய முடியும். கன்னத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்து, 'கரண்ட் வைக்கிறது' என்று நாம் சொல்லும் கதிர் சிகிச்சையும் கொடுத்தார்கள். முதல் மாதமே வந்திருந்தால் சின்ன ஆபரேஷனோடு போயிருக்கும் என்றார் டாக்டர். அந்தச் சொல் இன்றும் என்னைக் குத்துகிறது.

பீடி, சிகரெட் ஆம்பிளைகள் சமாசாரம், வெற்றிலை மங்கலம் என்று நினைக்கிறோம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-லேயே சொல்லிவிட்டது. தாம்பூலத் தட்டில் வைப்பது வேறு, நாள் முழுக்க மெல்லுவது வேறு.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் தங்கை காலத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. நமக்குப் பக்கத்திலேயே இருந்தும் மூன்று மாதத்தை வீணாக்கினோமே!

தோழிகளே, வாய்ப்புண் மூன்று வாரத்தில் ஆறாவிட்டால், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தால், வாய் திறக்க இறுக்கமாக இருந்தால், குரல் கம்மல் மூன்று வாரமாகியும் சரியாகாவிட்டால், விழுங்கச் சிரமப்பட்டால், கழுத்தில் கட்டி தெரிந்தால் கைவைத்தியம் பார்க்காதீர்கள். பல் டாக்டரிடமாவது உடனே காட்டுங்கள். இது தொற்று வியாதியும் இல்லை. தட்டு, டம்ளரைத் தனியாக வைத்து அவர்கள் மனதை நோகடிக்காதீர்கள்.

அத்தை இப்போது மீன் விற்கப் போவதில்லை. சோற்றைக் குழைத்துத்தான் சாப்பிடுகிறார். ஆனால் வாசலில் உட்கார்ந்துகொண்டு, வெற்றிலை மென்றபடி போகிற பெண்களைக் கூப்பிட்டு, "துப்பிட்டு வா. வாயைத் திற, பாக்கறேன்" என்கிறார்!

– ஒரு வாசகி, பொம்மையார்பாளையம்.