கண்ணகிக்கு மட்டும் தெரியாது

படத்தின் முடிவை யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் நமக்குக் கோபம் வருகிறது. சிலப்பதிகாரமோ முடிவைப் பதிகத்திலேயே சொல்லிவிடுகிறது. கோவலன் கொலையுண்டதும் மதுரை எரிந்ததும் கதை தொடங்கும் முன்பே நமக்குத் தெரியும். ஷேக்ஸ்பியரும் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் முன்னுரையிலேயே காதலர் இருவரும் இறப்பதைச் சொல்லிவிடுகிறார். பிறகு ஏன் பதற்றத்தோடு படிக்கிறோம்?

'என்ன நடக்கும்' என்ற கேள்வி போய், 'இவர்களுக்கு எப்போது தெரியவரும்' என்ற கேள்வி வந்துவிடுகிறது. வரப்போவதைக் குறிப்பால் முன்பே உணர்த்தும் 'முன்னுணர்த்தல்' உத்தியின் வலிமை இதில்தான் இருக்கிறது.

இளங்கோவடிகள் அதைத் திருமண வீட்டிலேயே தொடங்கிவிடுகிறார். மணமக்கள் பிரியாமல் வாழவேண்டும், அணைத்த கை நெகிழாதிருக்க வேண்டும் என்று பெண்கள் வாழ்த்துகிறார்கள். வழக்கமான வாழ்த்துதான். ஆனால் பதிகத்தைப் படித்தவருக்கு அது சுருக்கென்று தைக்கும்.

பிறகு கண்ணகியின் கனவு. கணவனோடு ஒரு பெரிய நகருக்குப் போவதாகவும், அங்கே அவன்மீது பழி விழுவதாகவும், தான் அரசன் முன் வழக்குரைப்பதாகவும் கண்டதைத் தேவந்தியிடம் சொல்கிறாள். சொல்லி முடித்த சற்று நேரத்தில் கோவலன் வீடு திரும்புகிறான். செல்வம் தொலைந்ததை எண்ணி அவன் நாணி நிற்க, "சிலம்பு இருக்கிறது" என்று அவளே எடுத்துக் கொடுக்க முன்வருகிறாள். அவள் கேடு வரும் என்று கனவு கண்டவள். அந்தக் கேட்டுக்கான கருவியை அன்போடு நீட்டுபவளும் அவளே.

மதுரையை நெருங்கும்போது இயற்கையே பேசத் தொடங்குகிறது. வையை பூக்களைப் போர்வையாக இழுத்துப் போர்த்திக் கண்ணீரை மறைக்கிறது. மதில் மேல் அசையும் கொடிகள் 'வராதீர்கள்' என்று கை காட்டுவதுபோல் இருக்கின்றன. காற்றில் கொடி அசைவது அன்றாடக் காட்சி. இருவரும் அதைப் பொருட்படுத்தாமல் மதிலுக்கு வெளியே உள்ள புறஞ்சேரிக்குப் போகிறார்கள். இதற்குப் பின் கோவலனுக்கும் ஒரு தீக்கனவு வருகிறது. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. கொடிகளே போதும்.

ஒற்றைச் சிலம்போடு கோவலன் புறப்படும்போது ஒரு காளை எதிரே பாய்கிறது. ஆயர்களுக்கு அது தீய சகுனம். வணிகர் குலத்தில் பிறந்த அவனுக்கு அந்த வழக்கம் தெரியாது. நடந்துகொண்டே இருக்கிறான். எதிரே பொற்கொல்லன் வருகிறான்.

ஆனால் உச்சம் கொலைக்களக் காதையில் இல்லை, அதை அடுத்து வரும் ஆய்ச்சியர் குரவையில் இருக்கிறது. குடத்துப் பால் உறையவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது, வெண்ணெய் உருகவில்லை. ஏதோ தீமை வரப்போகிறது என்று பயந்த மாதரி, கண்ணகி பார்க்கும்படி குரவைக் கூத்து நடத்துகிறாள். வரப்போவதைத் தடுக்கத்தான் ஆடுகிறார்கள். அதுவோ முந்தைய காதையிலேயே நடந்து முடிந்துவிட்டது. கோவலன் இறந்துவிட்டான் என்பது நமக்குத் தெரியும். பாட்டும் ஆட்டமும் நீள நீள, "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லத் தோன்றுகிறது.

கூத்து முடிந்ததும் செய்தியோடு ஒருத்தி விரைந்து வருகிறாள். வந்தவள் வாய் திறக்காமல் நிற்கிறாள். கணவனை இன்னும் காணவில்லையே, நெஞ்சு நடுங்குகிறதே என்று கண்ணகி கேட்கத் தொடங்குகிறாள்.