மோட்டார் சைக்கிள் பாட்டரியைப் பேணும் முறை

பெங்களூரின் வடமேற்கே, துமகூரு நெடுஞ்சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கிறது பீன்யா. 1970-களில் சிறுதொழிற் பேட்டையாக உருக்கொண்ட அவ்விடத்தில் இன்று கடைசல் பட்டறை, முலாம் பூசும் கூடம், ஆயத்த ஆடை ஆலை என ஆயிரக்கணக்கான தொழிற்கூடங்கள் இயங்குகின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் முதல் தென்கோடி வரை பல ஊர்களிலிருந்து வந்த தமிழர்களும் அங்கே உழைத்து வருகின்றனர். 2014-ஆம் ஆண்டிலேயே மெட்ரோ ரயில் பீன்யாவை எட்டிவிட்டது. எனினும் விடியற்காலை ஷிப்டுக்குச் செல்வோருக்கும், ரயில் நிலையத்திலிருந்து தொலைவான உள்தெருக்களில் பணிபுரிவோருக்கும் மோட்டார் சைக்கிளே துணை. மார்கழிக் குளிரில் ஐந்தரை மணிக்குப் பொத்தானை அழுத்தும்போது 'டக், டக்' என்ற ஒலி மட்டும் கேட்டால், அன்றைய ஊதியத்தில் ஒரு பகுதி போயிற்று என்று பொருள்.

இத்தகைய வேளையில், “பாட்டரி நன்றாக உழைத்துவிட்டது, இனி உதவாது” என்று கூறிப் புதியது வாங்குவோர் பலர். அவற்றுள் பல பாட்டரிகள் உழைத்துத் தேய்ந்தவை அல்ல, பசியால் மடிந்தவை. இதனைச் சற்று விளக்குவோம்.

பாடநூல்கள் இதனைச் சேமக்கலம் என்னும். அழகிய சொல்தான், ஆனால் கடையில் அப்பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். ஆகவே நாமும் பாட்டரி என்றே வழங்குவோம். பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாந்தே 1859-இல் அமைத்த ஈயச் சேமக்கலத்தின் வழித்தோன்றலே இன்று பெரும்பாலான வண்டிகளின் இருக்கைக்கடியில் இருப்பது. ஒரு தகடு ஈயம். மற்றொன்று ஈய டையாக்சைடு. இரண்டிற்கும் நடுவே நீர் கலந்த கந்தக அமிலம். இவ்வாறு அமைந்த ஓர் அறை ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஆறு அறைகளைத் தொடுத்தால் 12 வோல்ட் பாட்டரி. மைசூரில் ஒருகாலத்தில் உற்பத்தியான பழைய ஜாவா வண்டிகளில் மூன்றே அறைகள், 6 வோல்ட். பாட்டரி மின்சாரத்தைத் தரும்போது இரு தகடுகளின்மேலும் ஈய சல்பேட் படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. மின்சாரத்தை மீண்டும் ஏற்றினால் அப்படிவு கரைந்து தகடுகள் பழைய நிலையை அடைகின்றன.

உடனுக்குடன் ஏற்றினால்தான் இது முழுமையாக நடைபெறும். வாரக்கணக்கில் காலியாகக் கிடந்தால் அப்படிவு கெட்டிப்பட்டுப் பெரிய படிகங்களாக வளர்ந்துவிடும். பின்னர் எவ்வளவு மின்சாரம் செலுத்தினும் அது முற்றும் கரைவதில்லை. தகட்டின் அப்பகுதி செத்ததற்குச் சமம்.

பீன்யாவில் வேலை செய்பவரின் வண்டிக்கு நேர்வது இதுவே. தாசரஹள்ளியில் அறை, இரண்டாம் கட்டப் பகுதியில் ஆலை. இடையே சில கிலோமீட்டர் தொலைவு, அதிலும் பாதி நேரம் நெரிசலில் நிற்றல். ஒருமுறை ஸ்டார்ட்டரை இயக்கச் செலவாகும் மின்சாரத்தை ஈடு செய்வதற்குள் ஆலை வாசல் வந்துவிடுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுழல்கையில் உற்பத்தியாகும் மின்சாரமோ சொற்பம். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் முன்விளக்கு பகலிலும் எரிந்தாக வேண்டும் என்ற விதி வேறு. நாள்தோறும் சிறு கடன் சேர்ந்துகொண்டே போகிறது. கிருஷ்ணகிரிக்கு வண்டியிலேயே ஊர் செல்பவரின் பாட்டரி நெடுவழியில் வயிறார உண்கிறது. மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ரயிலேறுபவரின் பாட்டரிதான் பரிதாபத்திற்குரியது. அரைப் பசியோடு நிறுத்தப்பட்ட வண்டி, பொங்கல் முடிந்து அவர் திரும்பும்வரை கடிகாரத்திற்கும் திருட்டு எச்சரிக்கைக் கருவிக்கும் துளித்துளியாக ஈந்து கொண்டிருக்கும்.

ஆதலால், இரண்டு வாரத்திற்கு மேல் ஊர் செல்வோர் பாட்டரியை முழுவதும் ஏற்றி, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் செல்லல் நலம். வண்டியில் தங்கும் தம்பியிடம் சாவியைக் கொடுத்து, “தினமும் ஒரு தரம் ஸ்டார்ட் செய்து வை” என்று சொல்லிச் செல்வதுண்டு. நின்ற இடத்தில் இரண்டு நிமிடம் ஓடும் எஞ்சின், ஸ்டார்ட்டர் எடுத்ததைக்கூடத் திருப்பித் தராது. அதைவிட வாரம் ஒருமுறை அரைமணி நேரம் அவரே ஓட்டிவரட்டும்.

பாட்டரியின் நிலையை ஊகிக்க வேண்டியதில்லை. மல்டிமீட்டர் என்னும் சிறு கருவி எல்லா மின்பொருள் கடைகளிலும் கிடைக்கிறது. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பாட்டரியில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் வயிறு நிறைந்துள்ளது, 12.2 எனில் பாதிதான். 12-க்குக் கீழே சென்றால் அன்றே ஏற்றியாக வேண்டும். எஞ்சின் விரைவாக ஓடுகையில் முனைகளுக்கிடையே 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லையெனில் குற்றம் பாட்டரியினுடையதன்று. மின்சாரம் வந்து சேரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது; அது பாட்டரியைக் கொதிக்க வைத்துக் கொன்றுவிடும். இவ்விரண்டையும் பாராது புதிய பாட்டரி வாங்குவோர், சில மாதங்களில் மீண்டும் கடைவாசலில் நிற்க நேரும்.

மூடி திறக்கக்கூடிய பாட்டரியாயின் மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். மேல் கோட்டிற்கும் கீழ்க் கோட்டிற்கும் இடையே அது நிற்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றலாம். அமிலம் ஆவியாவதில்லையாதலால் அதனைச் சேர்ப்பது தவறு. பெங்களூரின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். பீன்யாவிலோ முலாம் பூசும் கூடங்களின் கழிவினால் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது ஆய்வுகளில் வெளிப்பட்ட செய்தி. குடிக்கத் தகாத அந்நீர் பாட்டரிக்கும் தகாது. டில்லியிலும் நாகபுரியிலும் உள்ள நம்மவர் கோடையில் இரு வாரத்திற்கொருமுறை நோக்குதல் வேண்டும். பாட்டரியின் ஆயுளைக் குளிரைவிட வெப்பமே மிகுதியாகக் குறைக்கிறது. முற்றும் மூடிய, வால்வு பொருத்திய பாட்டரிகளைத் திறக்க முயலவே கூடாது. முனைகளில் வெண்பொடி பூத்தால் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் துலக்கி, உலர்த்தி, சிறிது வாசலைன் தடவினால் போதும்.

இனி மின்னேற்றம். பாட்டரியின் மேல் 5 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது அரை ஆம்பியர் அளவில் ஏற்றுவதே முறை. முற்றும் காலியானதற்கு ஓர் இரவு பிடிக்கும். கார் பாட்டரி ஏற்றும் பெரிய கருவியில் மாட்டி, “ஒரு மணி நேரத்தில் தருகிறேன்” என்று சொல்லும் கடையை நாடாதிருத்தல் நன்று. சிறிய பாட்டரியின் தகடுகள் அச்சூட்டில் வளைந்துவிடும். ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஒரு தீப்பொறி போதும், அது வெடிக்கும். நான்கு பேர் உறங்கும், மூலையில் காஸ் அடுப்பு எரியும் ஒற்றை அறையில் இவ்வேலையைச் செய்தல் ஆபத்து. காற்றோட்டமுள்ள வெளிவராந்தாவே அதற்கு இடம். திறக்கும் வகையாயின் மூடிகளைக் கழற்றி வைக்க வேண்டும். கம்பிகளை இணைத்தபின் கருவியின் சுவிட்சைப் போடுக. அணைத்தபின் கம்பிகளைப் பிரிக்க. லித்தியம் பாட்டரி பொருத்திய வண்டியாயின் அதற்குரிய கருவியே வேண்டும்.

முறையாகப் பேணினால் மூன்று நான்கு ஆண்டுகள் உழைக்கும். முழுதும் ஏற்றிய மறுநாளே வோல்ட் சரிந்தாலும், பக்கங்கள் உப்பினாலும் மாற்றத்தான் வேண்டும். முன்போல் உதைத்துக் கிளப்பலாம் என்று காலம் கடத்துவதற்கில்லை. 2020 ஏப்ரலில் புதிய புகை விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலைச் செலுத்துவது மின்சாரப் பம்பு. பாட்டரி முற்றும் செத்தால் தள்ளினாலும் வண்டி கிளம்பாது. புதியது வாங்குகையில் அதே வோல்ட், அதே ஆம்பியர்-மணி, முனைகளின் அதே அமைப்பு ஆகியவற்றையும் தயாரித்த மாதத்தையும் நோக்குக. அமிலம் ஊற்றிப் பொருத்தும் வகையாயின் முதன்முறை மின்னேற்றம் செய்தே தர வேண்டும். அவசரத்தில் கடையினர் சிலர் அதனைத் தவிர்ப்பர். கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது நேர்முனை முதலில். இம்முறை மாறினால், ஸ்பானர் வண்டியின் சட்டத்தில் பட்டுப் பொறி பறக்கும்.

பழைய பாட்டரியை என்ன செய்வது? அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஈயம் 327 பாகை வெப்பத்திலேயே உருகிவிடுமாதலால், வாணலியும் விறகும் இருந்தால் எவரும் உருக்கலாம். நகரங்களின் ஓரங்களில் அவ்வாறு உருக்குவோர் உளர். அமிலம் சாக்கடையில் கொட்டப்படுகிறது. ஈயத்தின் புகையும் தூசும் அக்கம்பக்கத்து வீடுகளில் படிகின்றன. அதனைச் சுவாசிக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். ஈயத்தில் இவ்வளவு வரை தீங்கில்லை என்று வரையறுக்க இயலாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. பெட்ரோலில் கலந்த ஈயத்தை 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் நீக்கினோம். பாட்டரியின் ஈயம் நம் கையில் இருக்கிறது. பழைய இரும்பு வாங்குபவர் ஐம்பது ரூபாய் கூடுதலாகத் தரலாம். எனினும் பழையதைத் திரும்பப் பெற்றுக்கொள்வது விற்பனையாளரின் கடமை என 2001-ஆம் ஆண்டின் விதிகள் கூறின. 2022-இல் வந்த புதிய விதிகள் அதனைச் சேகரித்து முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தின. வீட்டுக் குப்பையோடு கலவாமல் தனியே ஒப்படைப்பது பயன்படுத்துவோர் கடமை. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதன் மதிப்பைப் பில்லில் கழித்து எழுதச் செய்தல் எளிய வழி. கொண்டு செல்கையில் பாட்டரியை நிமிர்த்தியே வைக்க வேண்டும். ஓடு விரிசல் விட்டிருந்தால் பிளாஸ்டிக் வாளியில் வைத்து எடுத்துச் சென்று, திரும்பியதும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்குக.