மழையிலும் மலையிலும் ஓடும் கைக்கடிகாரம்: உள்ளே என்ன நடக்கிறது?

பேட்டரி இல்லாத கைக்கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்ள இயந்திரவியல் படித்திருக்க வேண்டாம். அடுப்பில் இருக்கும் பிரஷர் குக்கரைத் தெரிந்திருந்தால் போதும். குக்கருக்குள் சக்தி அடைபட்டுக் கிடக்கிறது. அது ஒரேயடியாகப் பாய்ந்து வந்துவிடாதபடி மேலே இருக்கும் வெயிட் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் கேஸ்கட் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அடைத்து வைத்த சக்தி, அளந்து விடும் வழி, இறுக்கமான மூடி ஆகிய மூன்றும்தான் கடிகாரத்திலும் இருக்கின்றன.

மலையேறவும் ஆற்றில் இறங்கவும் காட்டில் தங்கவும் கட்டிக்கொண்டு போக ஒரு கடிகாரம் வேண்டும் என்று கடைக்குப் போகிறோம். தடிமனான உடம்பையும் பெரிய எண்களையும் பார்த்ததும் ‘இது முரட்டுக் கடிகாரம்’ என்று நம்பிவிடுகிறோம். அப்படிப் பார்த்தால் ஏமாற வாய்ப்பு உண்டு. கடிகாரத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் வெளியே ஓர் எதிரி இருக்கிறது. அந்த எதிரிக்கு இந்தக் கடிகாரம் என்ன பதில் வைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் சைக்கோ நிறுவனம் 1996-இல் கொண்டுவந்து, 2019 வாக்கில் நிறுத்திய எஸ்.கே.எக்ஸ். 007. முக்குளிப்பவர்களுக்காகச் செய்யப்பட்டது. ஆனால் மலையேறிகளும் காடு சுற்றுபவர்களும் உலகம் முழுக்க இதைக் கட்டியிருக்கிறார்கள். இதற்குள் ஓடும் இயந்திரத்தின் பெயர் 7எஸ்26.

முதலில், சக்தி எங்கிருந்து வருகிறது?

சிறிய டப்பா ஒன்றுக்குள் நீளமான எஃகுப் பட்டை சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இதுதான் மெயின் ஸ்பிரிங். இறுக்கிச் சுருட்டினால் அது விரியப் பார்க்கும். அந்த விரிய நினைக்கும் வேகம்தான் கடிகாரத்தின் முழுச் சக்தியும். குக்கருக்குள் இருக்கும் நீராவியின் இடத்தில் இங்கே இந்தப் பட்டை இருக்கிறது.

நம் வீடுகளில் இருந்த எச்.எம்.டி. ஜனதாவுக்குத் தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். 7எஸ்26-இல் அந்த வேலையைக் கையே பார்த்துக்கொள்கிறது. இயந்திரத்தின் பின்பக்கம் அரைவட்ட வடிவில் கனமான தகடு ஒன்று உண்டு. நாம் கையை அசைக்கும்போது அது முன்னும் பின்னும் சுழலும். அதனோடு இணைந்த இரண்டு கொக்கிகள் ஒரு பல்சக்கரத்தைத் தள்ளுகின்றன, இழுக்கின்றன. இரண்டு பேர் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் உலக்கை மேலே போகும்போது மற்றவர் உலக்கை கீழே இறங்கும். அதுபோல, தகடு எந்தப் பக்கம் சுழன்றாலும் ஏதாவது ஒரு கொக்கி வேலை செய்யும், ஸ்பிரிங் இறுகும். சைக்கோ 1959-இல் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டுக்கு மேஜிக் லீவர் என்று பெயர்.

அப்படியானால் நாள் முழுக்க நடந்தால் ஸ்பிரிங் அளவுக்கு மீறி இறுகி அறுந்துவிடாதா? அறாது. முழுவதும் இறுகியதும் பட்டையின் வெளிமுனை டப்பாவின் சுவரில் வழுக்கிக்கொண்டு போய்விடும். குக்கரின் சேஃப்டி வால்வு போன்ற ஏற்பாடு இது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி: கழற்றி வைத்தால் எவ்வளவு நேரம் ஓடும்? 7எஸ்26 சுமார் 41 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு கழற்றினால் ஞாயிறு பிற்பகலுக்குள் நின்றுவிடும். இதில் கையால் சாவி கொடுக்கவும் வழியில்லை. நின்றால் ஆட்டித்தான் ஓடவைக்க வேண்டும். இதன் பின் வந்த 4ஆர்36 இயந்திரத்தில் சாவி கொடுக்கும் வசதி உண்டு. கூடாரத்தில் காலையில் எழுந்ததும் கடிகாரம் நின்றிருந்தால் இந்த வசதியின் அருமை தெரியும்.

அடுத்து, சக்தியை அளந்து விடுவது யார்?

ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் சர்ரென்று விரிந்து சில நொடிகளில் தீர்ந்துவிடும். அதனால் வழியில் பல்சக்கரங்கள் இருக்கின்றன. சைக்கிளில் பெரிய பல்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் பின்னால் இருக்கும் சிறியது பல சுற்று சுற்றும். அதுபோல ஸ்பிரிங் டப்பா மெதுவாக நகர, அடுத்தடுத்த சக்கரங்கள் வேகம் கூடிக்கொண்டே போகின்றன.

கடைசிச் சக்கரத்தின் எதிரே முட்கரண்டி போன்ற சிறு துண்டு ஒன்று காவல் நிற்கிறது. அது சக்கரத்தை ஒரு பல் நகரவிட்டு உடனே தடுக்கும். மறுபடி ஒரு பல் விடும், தடுக்கும். குக்கர் வெயிட் தூக்கித் தூக்கி உட்காரும் அதே வேலை. நாம் கேட்கும் ‘டிக் டிக்’ ஓசை இங்கிருந்துதான் வருகிறது.

எப்போது விட வேண்டும், எப்போது தடுக்க வேண்டும் என்று முட்கரண்டிக்குச் சொல்வது பேலன்ஸ் வீல். இதைப் புரிந்துகொள்ளக் குழந்தையின் தூளியைப் பாருங்கள். தூளி தன் போக்கில் ஒரே தாளத்தில் ஆடும். தாய் சரியான நேரத்தில் லேசாக ஒரு தள்ளு தள்ளினால் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். பேலன்ஸ் வீலும் இப்படித்தான் இடமும் வலமும் ஆடுகிறது. அதைத் திரும்ப இழுப்பது மயிரிழை போன்ற ஹேர் ஸ்பிரிங். ஒவ்வொரு ஆட்டத்திலும் முட்கரண்டி சின்னத் தள்ளு ஒன்று கொடுக்கிறது. 7எஸ்26-இல் இந்த ஆட்டம் நொடிக்கு 6 முறை, மணிக்கு 21,600 முறை. ஒரு நாளில் 5,18,400.

ஒரு நாளில் 86,400 நொடிகள் உண்டு. 7எஸ்26 நாளொன்றுக்கு 20 நொடி பின்தங்கலாம், 40 நொடி முந்தலாம் என்பது நிறுவனம் சொல்லும் வரம்பு. சுவிட்சர்லாந்தில் குரோனோமீட்டர் சான்று பெறும் இயந்திரத்துக்குச் சராசரி வரம்பு 4 நொடி பின்தங்கலும் 6 நொடி முந்தலும். கடைக்காரர் இந்த வித்தியாசத்தைப் பெரிதாகச் சொல்வார். ஆனால் இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று கணக்குப் போடும் மலையேறிக்கு அரை நிமிடம் பெரிதில்லை. தினமும் ஒரே அளவில் முந்துகிறதா என்பதே அவருக்கு முக்கியம். வாங்கிய முதல் வாரம், தினமும் ஒரே நேரத்தில் கைபேசியோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். நாளுக்கு 15 நொடி என்று சீராக முந்தினால் அது ஆரோக்கியமான இயந்திரம். ஒரு நாள் 5, மறுநாள் 50 என்று தாவினால் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பாறையில் மோதினால்?

பேலன்ஸ் வீலின் அச்சு முனைகள் தலைமுடிபோல மெல்லியவை. கடிகாரத்திலேயே எளிதில் முறியும் இடம் இதுதான். முட்டையை வைக்கோலில் வைத்து அனுப்புவதுபோல, அச்சு முனை உட்காரும் செயற்கை மாணிக்கக் கல்லை ஒரு குட்டி ஸ்பிரிங் பிடித்திருக்கிறது. மோதும்போது கல் சற்று நகர்ந்து கொடுக்கிறது, பிறகு தன் இடத்துக்குத் திரும்புகிறது. சுவிஸ் கடிகாரங்களில் 1930-களிலிருந்து வரும் இன்காபிளாக் இந்த வகை. சைக்கோ தன் ஏற்பாட்டுக்கு டயாஷாக் என்று பெயர் வைத்திருக்கிறது.

ஐ.எஸ்.ஓ. 1413 என்ற தரச் சோதனை, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மரத்தரையில் விழும் அடிக்குச் சமமான அடியைக் கடிகாரம் தாங்குகிறதா என்று பார்க்கிறது. காட்டில் இருப்பது மரத்தரை இல்லை, கருங்கல். அதனால் இந்தச் சான்றை ஆரம்ப வரம்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விறகு பிளக்கும்போதும் சுத்தியல் அடிக்கும்போதும் கழற்றி வைத்துவிடுங்கள். உங்கள் வேலையே அப்படிப்பட்டது என்றால், 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் பிழைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு 1983-இல் கேசியோ கொண்டுவந்த ஜி-ஷாக் போன்ற மின்னணுக் கடிகாரம்தான் பொருத்தம்.

தண்ணீர்: மூடியில்தான் எல்லாம்

பின்மூடி, கண்ணாடி, சாவிக் குமிழ் ஆகிய மூன்று வழிகளில் தண்ணீர் உள்ளே போக முடியும். மூன்றிலும் கேஸ்கட் இருக்கிறது. அதிகம் கவனிக்க வேண்டியது குமிழை. கடைக்காரர்கள் கிரவுன் என்பார்கள். அடிக்கடி இழுப்பதும் அழுத்துவதும் அதைத்தான்.

எஸ்.கே.எக்ஸ். 007-இல் குமிழைத் திருகி மூட வேண்டும். குக்கர் மூடியைத் திருப்பிப் பூட்டுவது போலத்தான். மூடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. குமிழை லேசாக அழுத்திக்கொண்டு முதலில் பின்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். மரை சரியான இடத்தில் விழுவது விரலுக்குத் தெரியும். அதன்பிறகு முன்பக்கம் திருகுங்கள். நேராக முறுக்கினால் மரை ஏறுமாறாகப் பிடித்துத் தேய்ந்துவிடும்.

டயலில் ‘200 மீ’ என்று இருப்பதோடு, முக்குளிப்புக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரத்தின்படி செய்ததா என்றும் கேளுங்கள். அந்தத் தரத்தில், குறிப்பிட்ட ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் கடிகாரத்தைச் சோதிக்கிறார்கள். ‘30 மீ’ என்று மட்டும் இருந்தால், கைகழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கும் தூறலுக்கும் மேல் அதை நம்ப வேண்டாம்.

தோற்றத்தை நம்பக் கூடாது என்பதற்கு இங்கேயே சாட்சி இருக்கிறது. எஸ்.கே.எக்ஸ். நின்றபின் 2019-இல் அதே சாயலில் புதிய சைக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. ஆனால் புதியதில் குமிழ் திருகி மூடாது, தாங்கும் அளவும் 100 மீட்டர்தான். ஆற்றில் நீந்த அது போதும். முக்குளிக்கப் போதாது.

உயரமான மலையில் காற்றழுத்தம் குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அந்த வித்தியாசம் 10 மீட்டர் ஆழத்துத் தண்ணீர் தரும் அழுத்தத்தைவிடக் குறைவு.

பழைய கடிகாரம் வாங்கினால் ஒரு சோதனை செய்யுங்கள். கொஞ்ச நேரம் கையில் கட்டியிருந்து உடல் சூடு ஏறியதும் கண்ணாடிமேல் ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். உட்பக்கம் பனி படிந்திருந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதை வாங்க வேண்டாம். குக்கர் கேஸ்கட் நாளாக ஆகக் கெட்டித்துப்போவது போலக் கடிகாரக் கேஸ்கட்டும் கெட்டிக்கும். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்லுங்கள். கடலில் இறங்கி வந்தால், குமிழ் மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

குளிரும் காந்தமும்

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் பார்க்கிறோம். கடிகாரத்துக்குள் இருக்கும் எண்ணெய் அவ்வளவு எளிதில் உறையாது என்றாலும் கடுங்குளிரில் தடிக்கும். அதனால் பனிமலையில் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள், தோலோடு ஒட்டி வைத்திருப்பது நல்லது. உடல் சூடே அதைக் காக்கும்.

காந்தம் வேறு வகை எதிரி. ஸ்பீக்கர், பையின் காந்தப் பூட்டு போன்றவற்றின் பக்கத்தில் வைத்தால் ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள், சரியாக வேகாத இடியாப்பம்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உடனே கடிகாரம் தாறுமாறாக முந்தும். திசைகாட்டியின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். முள் துடித்தால் காந்தம் ஏறியிருக்கக்கூடும். ரிப்பேர் கடையில் சில நொடிகளில் எடுத்துவிடுவார்கள்.

கண்ணாடி, வெளிச்சம், வார்

மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரணக் கடிகாரக் கண்ணாடி அதைவிட மென்மையானது. எஸ்.கே.எக்ஸின் ஹார்ட்லெக்ஸ் கண்ணாடியும் மணலில் உரசினால் கீறல் விழும். கடினம் 9 உள்ள சஃபையர் கண்ணாடியில் மணல் கீறாது. ஆனால் பலமாக அடிபட்டால் சில்லுசில்லாகச் சிதறக்கூடும். மணல்வெளிக்கு சஃபையர் நல்லது. பாறை ஏறுபவர் சாதாரணக் கண்ணாடியோடும் நிம்மதியாக இருக்கலாம். கீறல் விழுந்தால் குறைந்த செலவில் மாற்றிக்கொள்ளலாம்.

இருட்டில் பார்க்க, டார்ச் ஒளியைச் சில விநாடி காட்டிவிட்டு விளக்கை அணையுங்கள். கை நீளத்தில் மணி முள்ளையும் நிமிட முள்ளையும் பிரித்துத் தெரிந்துகொள்ள முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். டயலைச் சுற்றியிருக்கும் வளையத்தையும் திருகிப் பாருங்கள். அது ஒரே பக்கம் மட்டும், ‘டக் டக்’ என்று பிடித்துத் திரும்ப வேண்டும். புறப்படும்போது வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால், எவ்வளவு நேரம் நடந்தோம் என்பது பார்த்தவுடன் தெரியும். தவறுதலாக இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. முக்குளிப்பவருக்கு அதுதான் பாதுகாப்பு.

கடைசியாக வார். கடிகாரம் தொலைவது பெரும்பாலும் ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் பின் கழன்று விழுவதால்தான். இரண்டு பின்னுக்கும் அடியில் ஒரே துண்டாக ஓடும் நைலான் வாரைப் போடுங்கள். பிரிட்டன் ராணுவம் 1973-இல் தரப்படுத்திய வடிவம் அது. ஒரு பின் போனாலும் கடிகாரம் கையிலேயே தொங்கும்.

வாங்கும் முன்

ஆக, கடையில் பார்க்க வேண்டிய வரிசை இது: முதலில் குமிழும் கேஸ்கட்டும், பிறகு அடி தாங்கும் ஏற்பாடு, அதன்பின் இருட்டில் தெரியும் தெளிவு, வார். நாளுக்கு எத்தனை நொடி என்ற கணக்கு கடைசியில்தான் வர வேண்டும். இந்த வரிசையில் ஒன்று பலவீனமாக இருந்தாலும் மற்றவற்றின் பலம் வீண். ஈரம் புகுந்துவிட்டால் எவ்வளவு துல்லியமான இயந்திரமும் துருப்பிடித்துப்போகும்.

இவ்வளவு பார்த்த பிறகு இன்னும் ஒன்று பாக்கி. உள்ளே இருக்கும் எண்ணெய் வற்றும், கேஸ்கட் கெட்டிக்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்து துடைத்து எண்ணெய் போட்டே ஆக வேண்டும். சைக்கோவின் இந்த இயந்திரங்களை இத்தனை பேர் நம்புவதற்குப் பெரிய காரணம், அவை எளியவை, உதிரிபாகம் கிடைப்பவை, பழகிய கைகளுக்குத் திறக்கத் தெரிந்தவை. அதனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கடிகாரத்தின் இயந்திர எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்கள் ஊர் வாட்ச் ரிப்பேர்காரரிடம் முதலில் போய்க் கேளுங்கள். ‘இதைத் திறந்து சரிசெய்து தருகிறேன்’ என்று அவர் சொன்னால் வாங்குங்கள்.