முயலின் இயல்பறிவோம்

பூனையும் புறாவும் வளர்ந்த நம் இல்லங்களில் இன்று முயலும் இடம்பெற்று வருகின்றது. பிள்ளைகள் ஆசையோடு கேட்கின்றனர். பெற்றோர் வாங்கித் தருகின்றனர். வெண்பஞ்சுப் பொதி போன்ற அந்தச் சிற்றுயிர் முற்றத்தில் துள்ளி ஓடுவது கண்ணுக்கு இனிமைதான். ஆயினும் சில மாதங்களிலேயே, "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது! காலையில் பார்த்தால் இறந்து கிடக்கிறது" என்று பிள்ளைகள் கண்கலங்கி நிற்பதையும் காண்கிறோம்.

உண்மையில், அது நேற்று வரை நன்றாக இருந்திருக்காது. நமக்குத்தான் தெரியவில்லை. முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம். நரியும் பருந்தும் நலிந்ததையே முதலில் குறிவைக்கும். ஆதலின் தன் நோயை மறைத்துக் கொள்ளும் இயல்பை அல்லாஹ் அதற்கு அளித்துள்ளான். அது கத்தாது, முனகாது, ஒரு மூலையில் ஒடுங்கியிருக்கும், அவ்வளவே. ஆகவே நோயின் அடையாளங்களைக் கற்குமுன், நலமாயிருக்கும் முயல் எப்படியிருக்கும் என்பதைக் கற்க வேண்டும். இயல்பை அறிந்தவருக்கே மாற்றம் புலப்படும்.

சிறுவர் அபூ உமைர் வளர்த்த சிறு பறவை இறந்தபோது, அதைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம் பரிவோடு விசாரித்த செய்தியை நாம் அறிவோம். பூனையை அடைத்து வைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதியையும் அறிவோம். உயிரினத்தை வளர்ப்பது ஆகுமானதே. ஆனால் அது ஓர் அமானிதம்.

அஞ்ச வேண்டாதவை

முதலில், காண்போரை வீணே கலங்கச் செய்யும் சிலவற்றைக் கூறுவோம்.

தூய வெண்ணிற முயலுக்குக் கண் சிவந்திருக்கும். அது கண்வலி அன்று. நிறமி இல்லாமையால் உள்ளிருக்கும் இரத்தத்தின் நிறம் தெரிகிறது. முயல் கண்களைத் திறந்தபடியே உறங்கவும் செய்யும். சில வேளை திடீரென்று பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து, கால்களை நீட்டிக் கிடக்கும். இறந்து விட்டதோ என்று பிள்ளைகள் அலறுவர். அச்சமற்று நிம்மதியாயிருக்கிறது என்பதே அதன் பொருள்.

சிறுநீர் வெண்மையாகக் கலங்கியிருக்கும். உணவில் மிகுதியாகும் சுண்ணாம்புச் சத்து சிறுநீர் வழியே வெளியேறுவதே காரணம். சில நாட்களில் அது ஆரஞ்சு நிறமாகவோ செந்நிறமாகவோ மாறலாம். தின்ற இலைகளின் நிறமி பெரும்பாலும் இதற்குக் காரணம். நிறம் முழுவதும் ஒரே சீராக இருக்கும். அவ்வாறன்றித் துளித்துளியாகவோ கோடுகளாகவோ சிவப்புத் தென்பட்டால் இரத்தமாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முயலின் கழிவு இரு வகை. ஒன்று உருண்டு காய்ந்த புழுக்கை. மற்றொன்று சிறு திராட்சைக் கொத்துப் போல மென்மையாக, கருமையாக இருப்பது. இந்த இரண்டாவதை முயல் தன் உடலிலிருந்து நேரடியாக வாயில் கவ்வி உண்டுவிடும். அருவருத்து அதனைத் தடுக்கலாகாது. முதல் முறையில் செரிக்காத புரதமும் 'பி' வைட்டமின்களும் இவ்வாறே அதன் உடலிற் சேர்கின்றன. மாடு அசைபோடுவதற்கு ஒப்பான ஏற்பாடு இது.

சினையுற்ற பெண் முயல் சுமார் 31 நாட்களில் ஈனும். ஈனும் காலம் நெருங்கியதும் தன் மார்பு உரோமத்தைத் தானே பிடுங்கிக் கூடு அமைக்கும். இது சொறிநோய் அன்று. குட்டிகள் உரோமமின்றி, கண் மூடியே பிறக்கும். பத்துப் பன்னிரண்டு நாட்களில் கண் திறக்கும். தாய் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடங்களே பாலூட்டும். "தாய் குட்டிகளைக் கைவிட்டு விட்டது" என்றெண்ணிப் பசும்பாலைப் புகட்டி, குட்டிகளைக் கொன்று விடுவோர் உண்டு. காலையில் குட்டிகளின் வயிறு நிரம்பி உருண்டிருந்தால் தாய் தன் கடமையைச் செய்து விட்டது என்று கொள்க.

அறிய வேண்டிய அளவுகள்

முயலின் உடல் வெப்பம் 101 முதல் 104 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். நமக்குக் காய்ச்சலாகும் அளவு அதற்கு நலம். அமைதியாயிருக்கும்போது நிமிடத்திற்கு 30 முதல் 60 முறை மூச்சு விடும். விலாவின் அசைவைக் கண்டு எண்ணலாம். மூச்சு எப்போதும் மூக்கின் வழியேதான். வாய் திறந்து மூச்சு வாங்குமாயின் உயிருக்கு ஆபத்து.

பற்கள் 28. மேல் முன்பற்களின் பின்னே மேலும் இரு சிறு பற்கள் மறைந்திருக்கும். முன்பற்கள் ஆண்டுக்கு நான்கு அங்குல அளவிற்கு வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை மெல்வதாலேயே அவை தேய்கின்றன. பிஸ்கட்டும் ரொட்டியும் சோறும் கொடுத்தால் பல் தேயாது. வளைந்து வளர்ந்து வாயைக் கிழிக்கும். அருகம்புல்லும் காய்ந்த புல்லுமே முதன்மை உணவாதல் வேண்டும். பெரிய மார்க்கெட்டில் வாங்கும் காரட், கீரை முதலியன சிறிதளவே போதும். அவற்றையும் நன்கு கழுவியே தர வேண்டும்.

அலட்சியம் கூடாதவை

முயலால் வாந்தி எடுக்க இயலாது. அதன் குடல் இடையறாது இயங்கியே ஆக வேண்டும். அரைநாள் அது உண்ணவில்லை, புழுக்கை இடவில்லை என்றால், "நாளை பார்ப்போம்" என்று விடலாகாது. எச்சில் வடிந்து தாடை நனைதல், தலை ஒருபுறம் சாய்தல், பற்களை உரக்க நறநறவெனக் கடித்தல், பின்பகுதி கழிவால் அழுக்கேறுதல் ஆகியவையும் அபாய அறிகுறிகளே.

வீட்டில் எஞ்சிய அமாக்சிசிலின், ஆம்பிசிலின் மருந்துகளைப் புகட்டுவது பெருந்தீங்கு. அவை குடலில் உள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களை அழித்து முயலின் உயிரையே பறிக்கும். காதைப் பிடித்துத் தூக்குவதும் தவறு. பின்கால்களைத் தாங்காமல் தூக்கினால், அது உதைக்கும் வேகத்திலேயே முதுகெலும்பு முறியக்கூடும்.

நம் புதுவையில் வெயிலின் கொடுமையைத் தனியே சொல்ல வேண்டும். மத்திய அரசின் செம்மறியாட்டு, உரோம ஆராய்ச்சி நிலையம் தென்னகத்தில் தன் முயல் பண்ணையை அமைத்திருப்பது கொடைக்கானல் மலையின் மன்னவனூரில். குளிர்ச்சியே அவ்வுயிருக்கு ஏற்றது. 30 டிகிரி செல்சியஸைக் கடந்தாலே அது வாடும். நம் சித்திரை, வைகாசி வெயிலோ அதனினும் மிகும். முயலுக்கு வியர்த்துக் குளிரும் வழியில்லை. காதுகளின் வழியே வெப்பத்தை வெளியேற்றும். எனவே காது சூடாயிருப்பது மட்டும் காய்ச்சலாகாது. ஆனால் மூச்சிரைத்துத் துவண்டு கிடந்தால் உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, ஈரத்துணியால் காதுகளைத் துடைத்து, மருத்துவரை நாட வேண்டும். மொட்டை மாடியில் தகரக் கூரையின் கீழ்க் கூண்டு வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

வீட்டில் ஒரு குறிப்பேடு

பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் முயலை நிறுத்து எடையை எழுதட்டும். நாள்தோறும் என்ன தின்றது, எவ்வளவு நீர் குடித்தது, புழுக்கை எப்படியிருந்தது என்று ஒரு வரி எழுதட்டும். பற்களையும் காதின் உட்புறத்தையும் பாதங்களையும் வாரம் ஒருமுறை பார்க்கட்டும். ஒரு மாதத்தில் தங்கள் முயலின் இயல்பு அவர்களுக்கு மனப்பாடமாகி விடும். பின்னர் சிறு மாற்றமும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

1994ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி நம் நகரை அடுத்த குருமாம்பேட்டில் உள்ளது. இத்தகைய நிலையத்தின் மருத்துவரிடம் முயலைக் கொண்டு செல்கையில், அக்குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள். வாயில்லா உயிர் சொல்ல இயலாததை அது சொல்லும்.

நன்கு பேணப்படும் முயல் எட்டுப் பத்து ஆண்டுகள் வாழக்கூடியது. அதை வாங்கித் தரும் பெற்றோர், அத்தனை ஆண்டுகளுக்கான பொறுப்பையும் ஏற்கின்றனர். தன்னால் முறையிட இயலாத ஓர் உயிரின் நலனை நாள்தோறும் கவனிக்கப் பழகிய பிள்ளை, நாளை வீட்டு முதியோரின் முகவாட்டத்தையும் கேளாமலே உணர்ந்து கொள்ளும். அந்தப் பரிவை நம் மக்களுக்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.